உள்பக்கம் திறந்த கதவு

முதுகுவலி வந்த பிறகு மலர்கொடி கரும்பு வெட்டப் போவதை விட்டுவிட்டாள். எறையூரிலிருந்து காலை பஸ் பிடித்து, பெரம்பலூர் கடைவீதியில் நடராசனின் ஜவுளிக்கடைக்குச் சேலை மடிக்கப் போனாள். அது இரண்டாயிரமாவது ஆண்டு.

கடைக்கு ஒரு மாடி உண்டு. பட்டுச் சேலைகள் எல்லாம் அங்கேதான். முன்பக்கம் படிக்கட்டு, பின்பக்கம் ஒரு மரக்கதவு, அதைத் தாண்டினால் சந்துக்கு இறங்கும் இரும்புப் படி. அந்த வழியாக யாரோ இரண்டு பட்டுச் சேலையோடு இறங்கிப் போனதிலிருந்து, நடராசன் கதவின் உள்பக்கம் நாதாங்கி அடித்துப் பூட்டுப் போட்டுவிட்டார். சாவியை மலர்கொடியிடம் கொடுத்தார்.

“எனக்கு எதுக்குங்க மொதலாளி? நாளைக்கு ஒண்ணுன்னா எல்லாரும் என்னையத்தான தேடுவாங்க?”

“ஒண்ணும் வராது. முடிஞ்சு வச்சுக்க.”

அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்த வருஷம் எல்லா ஊரிலும் சோதனை நடந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் கடைக்கும் வந்தார். பின்கதவு முன் வெகுநேரம் நின்றார்.

“வெளியிலேருந்து யாரும் உள்ள வராம இருக்க என்ன வேணா பண்ணிக்கங்க. ஆனா உள்ள இருக்கறவங்க சாவி இல்லாம, இருட்டுல தடவிப் பாத்தாக்கூட, ஒரே தள்ளுல வெளிய போயிடணும். கதவு வெளிப்பக்கமாத் தொறக்கணும்.”

“மாத்திடறேங்க சார்” என்றார் நடராசன். அதிகாரி முன்னாலேயே பூட்டைக் கழற்றினார். ஜீப் தெருமுனை திரும்பியதும் மறுபடி மாட்டச் சொன்னார். மாட்டியவள் மலர்கொடிதான்.

அடுத்த வருஷம், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மாடியில் நிற்க இடமில்லை. கீழே படிக்கட்டை ஒட்டிப் போன ஜெனரேட்டர் வயர் கருகி, புகை படி வழியாக மேலே ஏறியது. யாரோ “தீ!” என்று கத்தினார்கள். கூட்டம் மொத்தமும் பின்கதவுக்குப் பாய்ந்தது.

மலர்கொடி முதலில் போய்ச் சேர்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பூட்டைத் திறந்துவிட்டாள். ஆனால் கதவை இழுக்க முடியவில்லை. அது உள்பக்கம் திறக்கிற கதவு. முதுகில் அத்தனை பேரும் நெருக்கிக்கொண்டு நிற்க, விரல் நுழையும் அளவுக்குக்கூட அது அசையவில்லை. கைப்பிடிக்கும் மரத்துக்கும் நடுவில் அவளுடைய மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

அவளோடு வேலை பார்த்த வெற்றிச்செல்விதான் மேசை மேல் ஏறி, கடைசியில் நின்றவர்களின் தலைமுடியையும் சட்டையையும் பிடித்து இழுத்தாள். “பின்னால போங்க! உள்ளதான்யா தொறக்கும், பின்னால போங்க!” கூட்டம் கொஞ்சம் இளகியது. கதவு திறந்தது. இருமிக்கொண்டே எல்லாரும் இறங்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நடராசன் ஆப்பிளோடு வந்தார். “அதிகாரி விசாரிக்க வருவாரு. பூட்டு இல்லன்னு மட்டும் சொல்லிடு மலரு. தீபாவளி நேரம், கடைய மூடிட்டா எல்லாருக்கும் கஷ்டம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலர்கொடியின் புருஷன் குழந்தைவேல் பழப்பையை வாங்கிக் கட்டிலடியில் வைத்தான். சாயந்தரம் அதிகாரி வந்து கேட்டபோது அவள் சொன்னாள்: “பூட்டியிருந்துச்சுங்க. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. பூட்டத் தொறந்தும் கதவு தொறக்கலைங்க.”

மாடிக்குச் சீல் வைத்தார்கள். அந்தத் தீபாவளிக்குப் பட்டு வியாபாரமே இல்லை. மாடிப் பெண்கள் எல்லாரையும் நடராசன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெற்றிச்செல்வி நேராக எறையூருக்கு வந்து வாசலில் நின்றே கேட்டாள்: “அத்தன பேர நான் இழுத்துப் போட்டேன். எம் பொழப்பக் கெடுக்க ஒனக்கு எப்புடி மனசு வந்துச்சு?”

“நீ இழுக்கலன்னா என்ன ஆயிருக்கும் வெற்றி?”

“அதான் ஒண்ணும் ஆவலையே!”

மலர்கொடி அவளை உள்ளே வரச் சொன்னாள். வெற்றிச்செல்வி வராமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பொங்கலுக்குள் புதுக் கதவு வந்துவிட்டது. இரும்புக் கதவு, குறுக்கே ஒரு கம்பி, அமுக்கினால் வெளிப்பக்கம் திறந்துகொள்ளும், கூடவே மணியடிக்கும். துணி எடுக்க வந்த பிள்ளைகள் அதை அமுக்கி அமுக்கி விளையாட, நடராசன் கீழேயிருந்து சத்தம் போடுவார். மாடிப் பெண்களை அவர் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். மலர்கொடியையும் நிறுத்தவில்லை. அவளைக் கீழே உள்பாவாடை, துண்டுப் பக்கம் மாற்றினார். கை முழுசாகக் கூடாததால் மடிப்பு முன்போல் வரவில்லை. வெற்றிச்செல்வியும் அதே கடையில்தான் வேலை பார்த்தாள். சோற்று நேரத்தில் மட்டும் தள்ளி உட்கார்ந்தாள்.

இரண்டாயிரத்து ஏழில் நடராசன் அரியலூரில் இன்னொரு கடை கட்டினார். கட்டடம் எழும்பும்போதே மாடிக்கு அகலமாக இரண்டு வழி விட்டார். திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் மலர்கொடியைக் கூப்பிட்டார்.

“அங்க மாடிய நீ பாத்துக்கறியா? ஆளு வேணும்.”

எறையூரிலிருந்து அரியலூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். திரும்பி வர இருட்டிவிடும். அவள் யோசித்துப் பார்த்தாள்.

“இல்லைங்க. வெற்றியக் கேளுங்க, அவளுக்கு அது கிட்டக்க” என்று சொல்லிவிட்டு, பிரித்துப் போட்டிருந்த துண்டுகளை மடிக்கப் போனாள்.