சித்தி போட்ட மழை

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் குழந்தையைவிடத் தாய்மாமனுக்குத்தான் மவுசு. அவர் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். என் மாமாவோ துபாயில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. மாமா வராமல் காதைக் காட்டமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். அம்மாவிடம் அடி வாங்கியும் அசையவில்லை.

“அண்ணன் வரலைன்னா என்ன, நான் வரவைக்கிறேன்டி,” என்றாள் சித்தி. அம்மாவின் தங்கை, இலுப்பூரில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்த்தாள். மாமாவும் நானும் சேர்ந்து நிற்கிற மாதிரி பேனர் போடுவதாக ஏற்பாடு; என்னையும் கடைக்குக் கூட்டிப்போனாள்.

கடையில் பின்னணிப் படத்துக்கு அருவி, தாமரைக்குளம், எந்த நாட்டுதோ ஒரு பனிமலை எல்லாம் தயாராகவே இருந்தன. சித்திக்கு எதுவும் பிடிக்கவில்லை. மாமாவுக்கு ஊர் மழை என்றால் உயிராம். மழை இருட்டிக்கொண்டு வரும் எங்கள் கொல்லைக்காட்டைத் தானே வரையப்போகிறேன் என்று, முதலாளி வாங்கிப்போட்டு யாரும் தொடாமல் கிடந்த, கம்ப்யூட்டரில் படம் வரைகிற பலகையையும் பேனாவையும் தூசி தட்டினாள்.

பலகையில் கிறுக்கினால் கோடு திரையில் விழும். வாசலடைக்கக் கோலம் போட்டுப் பழகிய சித்தியின் கண்ணோ கையை விட்டு நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மேகம் இருக்கவேண்டிய இடத்தில் இடியாப்பம்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் கோபிக்கவில்லை. துப்பட்டாவை எடுத்துக் கையையும் பலகையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். கை தெரிந்தால்தானே பார்ப்பதற்கு! அதற்கப்புறம் கோடு சொன்னபடி கேட்டது. அடேயப்பா, என்ன மூளை அவளுக்கு!

பேனாவை அழுத்தினால் கருமேகம், பட்டும் படாமலும் தொட்டால் தூறல் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டரில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டுமாம்; ஒருமுறை மேகத்தை மாமாவின் போட்டோவுக்கு மேல் அடுக்கில் போட்டுவிட்டாள்.

“ஐயோ, மாமாவக் காணோம்!” என்று அலறினேன்.

“கத்தாதடி, அங்கிட்டுப் பின்னாடிதான் இருக்காரு,” என்று மேகத்தைக் கீழே இறக்கினாள்.

மாமாவின் போட்டோ பாலைவன வெயிலில் எடுத்தது. மூக்கடியில் கரி பூசியதுபோல நிழல். மழை இருட்டில் நிழல் இப்படி விழாது என்று, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தாள். மாமா சட்டென்று எங்கள் கொல்லைக்குள் வந்து நின்றுவிட்டார். இன்று நானும் அதே வேலைதான் பார்க்கிறேன். அந்தக் கை எனக்கு வரவில்லை.

பேனரைப் பார்த்ததும் என் பிடிவாதம் போன இடம் தெரியவில்லை. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மடியில் உட்கார்ந்து, பேனரைப் பார்த்துக்கொண்டே காதைக் கொடுத்தேன்.

அழுது முடித்ததும் வீடியோ காலில் மாமாவுக்குப் பேனரைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

“ஏத்தா, அங்க மழையா?”

“மழையெல்லாம் இல்ல மாமா. சித்தி வரைஞ்சது.”

மாமாவின் முகம் விலகி அறையின் கூரை தெரிந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. எவ்வளவு பாடுபட்டாள், பாவம், மனசு நொந்துபோவாளே என்று சித்தியிடம் ஓடிப்போய், “நல்லாருக்குன்னாரு சித்தி,” என்று பொய் சொன்னேன்.