அடியில் தொங்கிய பேட்டரி

காரைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது; படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு நின்றவள். வண்டி ஓட்டத் தெரியாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சம். திறக்காமல் விழுங்கியதெல்லாம் சேர்ந்துதான் இப்போது எழுத வைக்கிறது.

எங்களுக்குப் பூம்புகார். என் கணவர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். படகைக் கரையேற்றும்போது இடது கால் அடியில் மாட்டி நசுங்கியது. அதற்குப் பிறகு அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. கிளட்ச் இல்லாத வண்டியாகத் தேடியதில் எங்கள் கைக்கு எட்டியது ஒரு பழைய மின்சாரக் கார்தான். பின் சீட்டைக் கழற்றி ஐஸ் பெட்டி வைத்தோம். காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, மயிலாடுதுறை தாண்டிக் குத்தாலத்தில் கொண்டுபோய் விற்போம். அவர் விலை சொல்லிக் கூவுவார், நான் தராசு பிடிப்பேன். கால் போன பிறகு அவர் அடுத்தவர் தோளைப் பிடிக்காமல் எங்காவது போய்வந்தார் என்றால் அந்தக் காரில்தான்.

வண்டிக்கு வயதாகிப் பேட்டரி தேய்ந்தது. குத்தாலம் போய்த் திரும்பப் போதுமாக இருந்த சார்ஜ், வரும் வழியில் மயிலாடுதுறையிலேயே தீரத் தொடங்கியது. கம்பெனிக் கடையில் கேட்டால், அந்த மாடலுக்குப் பேட்டரி செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். விற்றதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லாத கடைக்கு அவ்வளவு பெரிய கண்ணாடிக் கட்டடம் எதற்கு என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் என் கொழுந்தன் அறிவாளி ஆனான். கைப்பேசியில் வீடியோ பார்த்தே பேட்டரிப் படிப்பை முடித்துவிட்டான். தஞ்சாவூர் பைபாஸ் பக்கம் ஒருவர் எந்தப் பழைய காருக்கும் புதிதாகப் பேட்டரி கட்டித் தருகிறார் என்று எங்களை அழைத்துப் போனான். வேலை நடப்பது தகரக் கொட்டகையில். முதலாளி உட்காருவது ஏசி அறையில். இரண்டு காதிலும் எதையோ சொருகியிருந்தார். எங்களோடு பேசுகிறாரா, வேறு யாரோடாவது பேசுகிறாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. பழைய பேட்டரி இருந்த இடத்தில் அவருடையது அடங்காதாம். அதனால் என்ன, கீழே இறக்கி மாட்டிவிடலாம் என்றார். மாட்டினார்கள். வண்டியின் வயிற்றுக்குக் கீழே நாலு விரல் அளவுக்குத் தகரப் பெட்டி தொங்கியது. அதன் முன்பக்கம் வயர்கள் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் வெளியே தெரிந்தன. காரில் இருந்த சார்ஜ் மீட்டருக்கும் இவர் பேட்டரிக்கும் ஒத்துவராததால் வேறொரு குட்டி மீட்டரை டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். கல்யாண வீட்டில் மொய் வைப்பதுபோல, இது என் அன்பளிப்பு என்று வேறு சொன்னார். பழைய பேட்டரியைக் கழிவு என்று அவரே எடுத்துக்கொண்டார்.

நான் மெதுவாகக் கேட்டேன். “இவ்ளோ கீழ தொங்குதே, எதுலயாவது தட்டாதுங்களா?”

“ரோட்டுலதானக்கா ஓட்டப் போறீங்க, வயல்லயா ஓட்டப் போறீங்க?”

கொழுந்தனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அண்ணி மீன் நிறுக்கறப்பகூட வாயத் தொறக்க மாட்டாங்க. இங்க வந்து இன்ஜினீயர் ஆயிட்டாங்க.”

என் கணவரும் சிரித்தார். நானும் வேகத்தடையை நினைத்துத்தான் கேட்டேன். அதற்கு மேல் எனக்கும் தோன்றவில்லை.

பங்குனியில் உளுந்து பிடுங்கினார்கள். எங்கள் பக்கத்தில் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறிக் காயை உடைக்கும். எங்கள் கார் வருடா வருடம் ஏறியதுதான். அப்போது அதன் அடிப்பக்கம் பலகைபோல வழவழவென்று இருந்தது, ஒன்றும் மாட்டாது. ஓரத்தில் நிற்கும் பெண்கள் கையைக் காட்டினால் என் கணவர் மெனக்கெட்டு அந்தப் பக்கமாகவே ஏற்றிப் போவார். தன்னாலும் ஒருவருக்கு உதவி என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அன்றும் குத்தாலத்துக்கு முன்னால் ஏற்றினார். அடியில் கரகரவென்றது. காய் உடைகிறது என்று நினைத்தோம். செடியெல்லாம் தகரப் பெட்டியின் முன்னால் திரண்டு, வயர்க் குழாயைச் சுற்றிப் பிடுங்கிவிட்டது. படாரென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், வண்டி நின்றுவிட்டது. ஒட்டியிருந்த மீட்டர் என் மடியில் விழுந்தது.

நான் சுற்றி ஓடிப்போய் அவரை இறக்கப் பார்த்தேன். என்னால் மட்டும் முடியவில்லை. உளுந்துக்காரப் பெண், மீன் தண்ணீர் தன் உளுந்தில் ஒழுகுகிறது என்று கத்திக்கொண்டு வந்தவள், அவர் காலைப் பார்த்ததும் குரலை இறக்கிவிட்டாள். அவளும் இன்னொருத்தியும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேட்டரிக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

“உளுந்து மேல எதுக்குண்ணே ஏத்துனீங்க? இது வாரண்டில வராது.”

“ரோட்டுலதான் கெடந்துச்சு தம்பி.”

“படம் எடுத்து அனுப்புங்க, பாக்கலாம்.”

அனுப்பினோம். பேட்டரிக்குள் இருக்கும் செல்லெல்லாம் கருகிவிட்டது, முழுதும் புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்று பதில் வந்தது. பழையதையாவது திருப்பி மாட்டலாம் என்றால் அதை எப்போதோ விற்றுவிட்டாராம். கழிவை வாங்கவும் ஆள் இருக்கிறது போலும். கொழுந்தனுக்குச் சொன்னபோது, இனிமேல் உளுந்து சீசனில் மட்டும் ஓட்டாமல் இருந்தால் போதும் என்று யோசனை சொன்னான். அதையும் ஏதோ வீடியோவில் பார்த்திருப்பான்.

காரை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒரு லோடு ஆட்டோ பிடித்து, ஐஸ் பெட்டியோடு அவரையும் ஏற்றி வீட்டுக்கு வந்தோம். பூம்புகார் நெருங்கும்போது சொன்னார்.

“நாளைக்கு நீ மட்டும் போயிட்டு வந்துரு.”

“நான் வெல சொன்னா யாருங்க கேப்பாங்க?”



மறுநாள் லோடு ஆட்டோவில் நான் மட்டும் குத்தாலம் போனேன். சங்கரா மீன் விற்றது. வவ்வால் பாதி மீந்தது. ஐஸ் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தேன்.