லிப்ட் மெக்கானிக்கின் கண்வலி

"இனி ஒருதரம் நான் விண்டோஸைத் தொட்டா, இந்த மீசையை வழிச்சிட்டு வந்து உங்க முன்னாடி நிக்கிறேன்!"

லிப்ட் பழுதுபார்க்கும் பட்டறையில் டீ கிளாஸை நங்கென்று வைத்து மெக்கானிக் இப்படிப் பிரகடனம் செய்தபோது, கேட்டவர்கள் எல்லாரும் அந்த மீசையைத்தான் பார்த்தார்கள். முறுக்கிவிட்ட மீசை. அடிக்கடி உறைந்து நின்ற வீட்டுக் கம்ப்யூட்டரை அன்று மாலையே முழுக்கத் துடைத்து, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றினார். பெட்டியின் நெற்றியில் லினக்ஸின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கர் ஒன்றும் ஒட்டினார்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் அவரைக் கைவிடவில்லை. மின்கட்டணம் கட்ட முடிந்தது, மனைவியின் சீரியல் ஓடியது, முரண்டு பிடிக்கும் பிரிண்டர்கூடப் பெட்டிப்பாம்பாய் அடங்கியது. கார் பந்தய விளையாட்டு முன்பைவிட வேகமாகப் பறந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் லினக்ஸுக்கு ஆள்பிடிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளும் அவரும் வாரந்தவறாமல் ஜோடி சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டு ஒன்று உண்டு. போனில் "சாப்பிட்டியா?", "ம்" என்பதோடு முடிந்துபோகும் இருவரும் வாய்விட்டுப் பேசுவது அதில் மட்டுந்தான். அதன் வாசலில், கள்ளாட்டக்காரர்களைப் பிடிப்பதற்கென்று ஒரு காவல் நிரல் உட்கார்ந்திருந்தது. அதற்கு லினக்ஸ் என்றாலே ஆகாது; உள்ளே விட மறுத்தது. மேதை, இந்த விளையாட்டு லினக்ஸில் ஓடுமா என்று விசாரிக்காமலேயே டிஸ்க்கைத் துடைத்திருந்தார். ஊரார் வீட்டு லிப்டில் மாட்டியவர்களை மீட்பவர், தன் வீட்டில் இரண்டு மாடிக்கு நடுவே தொங்கினார்.

"கண்ணு வலிம்மா" என்றார் மகளிடம். அடுத்த வாரமும் கண்வலி. அதற்கடுத்த வாரம் மகள் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதுவிட்டாள். மனைவி அவரைக் கையோடு கண் மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். "தங்கமான கண்ணுங்க. எங்க வலிக்குது?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "அந்த விளையாட்டு ஓடலை, அதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் வலிக்கிற கண்ணை நான் எங்கயும் பார்த்ததில்லைங்க. அங்க அவ, அப்பாவுக்குப் பார்வை போயிடுமோன்னு படிப்பை விட்டுட்டு வரேங்கறா. உங்களுக்கு மீசைதான் பெரிசா?"

அவருக்குக் காதுமடல் வரை சுட்டது. வழியில் விண்டோஸுக்கென்று புது டிஸ்க் ஒன்றை வாங்கி, திருட்டுப் பொருளைப்போல் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டார்.

ஞாயிறன்று அறைக்கதவைச் சாத்தினார். பென்குயினின் முகத்தைக் கைக்குட்டையால் மூடினார். அதன்பிறகே விண்டோஸை எழுப்பினார்.

"அப்பா! கண்ணு தேவலையா?"

"ம்... நல்லா தெரியுதும்மா. இடப்பக்கம் ரெண்டு பேர் வரானுங்க பாரு."

"பார்த்துட்டேன். அம்மா எல்லாம் சொன்னாங்க. மீசை என்னப்பா ஆச்சு?"

இன்னும் வழிக்காத மீசையை வழக்கம்போல் முறுக்கக் கிளம்பிய கை, பாதி வழியில் திரும்பி வந்து மவுஸைப் பிடித்துக்கொண்டது.