ஃப்ரீ சொல்கிறவள்

அந்த லாரி புக்கிங் ஆபீஸில் அவளுக்கு மேசை உண்டு, நாற்காலி உண்டு, தலைக்கு மேல் கரகரவென்று சுற்றும் மின்விசிறி உண்டு. சம்பளம் மட்டும் கிடையாது.

"நம்ம ஆபீஸ்ல நமக்கே யாராவது சம்பளம் குடுப்பாங்களா அண்ணி?" என்று முதலாளி சிரிப்பான். முதலாளி வேறு யாருமில்லை, அவள் கொழுந்தன். அண்ணனும் தம்பியுமாகத் தொடங்கிய தொழில். அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். சாவு வீடென்று டெலிபோனுக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு அடித்தது. எடுக்க ஆளில்லை என்று அழுத கண்ணோடு போய் அவள் எடுத்தாள். எடுத்தவள்தான், இன்னும் வைக்கவில்லை. வேலை என்று வரும்போது அது நம்ம ஆபீஸ். லாபம் என்று வரும்போது அது அவன் ஆபீஸ். குடும்பம் என்கிற பூட்டுக்கு இப்படித்தான் இரண்டு சாவி. இரண்டும் ஒரே ஆளின் இடுப்பில்.

ஆபீஸுக்குப் பின்னாலேயே அவளுடைய அறை. நடுவில் ஒரு கதவு. ஜன்னலைத் திறந்தால் லாரி ஷெட். வெளிச்சம் வருவதும் வராததும் எவன் வண்டியைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு நேரே நிறுத்தியிருக்கிறான் என்பதைப் பொறுத்தது. ஒயர் போட்ட டெலிபோன் இருந்த காலத்தில் குளிக்கப் போனாலாவது தப்பிக்க முடிந்தது. செல்போன் வந்தபின் அதுவும் போயிற்று. அந்த போனும் ஆபீஸுடையது. சொந்தமாக அவளுக்கு ஒரு போன் இல்லை. இருந்தாலும் அதில் கூப்பிட ஆளில்லை. அவள் பெயர் என்ன என்று கேட்டால் அவளே ஒரு நொடி யோசிப்பாள். முதலாளிக்கு அண்ணி, டிரைவர்களுக்கு அண்ணி, டீ கொண்டுவருகிற கிழவருக்கும் அண்ணி.

லாரித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இங்கிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு அடுத்த நகரத்துக்குப் போன வண்டி காலியாகத் திரும்பினால் டீசல் செலவுக்கே கட்டாது. அங்கே திரும்புகால் லோடு பிடிக்க வேண்டும். ஆனால் அனுப்பிவைத்த புரோக்கர் "வண்டி ஃப்ரீ" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை அங்கே வேறு எந்த புரோக்கரும் அதற்கு ஒரு மூட்டைகூட ஏற்றமாட்டான். ஒருவன் வண்டியை இன்னொருவன் தட்டிப் பறிக்கக் கூடாதே என்று எப்போதோ செய்துகொண்ட ஏற்பாடு. காவலுக்கு வைத்த நாய் வீட்டுக்காரனையே உள்ளே விடாத கதையாக, இப்போது டிரைவர்களைக் கட்டிப்போடுகிற சங்கிலி அதுதான். சொன்ன ஃப்ரீயைத் திரும்ப வாங்கவும் கூடாது. ஒரு புரோக்கர் வாங்கினான். மறுநாளிலிருந்து அவனுக்கு யாரும் வண்டி தரவில்லை. இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவனை ஒதுக்கிவைக்க ஆள் சேர்த்தவனே நம் முதலாளிதான்.

அந்த ஃப்ரீயைச் சொல்கிற குரல் அண்ணியுடையது. எப்போது சொல்வது என்று முடிவு செய்கிறவன் முதலாளி.

அன்றைக்குக் காலையில் நெட்டையன் கூப்பிட்டான். லாரி சீட்டில் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கிற டிரைவர். அடுத்த நகரத்தில் சரக்கை இறக்கிவிட்டு நாலு நாளாக நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணி, ஃப்ரீ சொல்லுங்கண்ணி. பக்கத்து ஆபீஸ்ல மிஷின் லோடு ரெடியா நிக்குது. நீங்க வாயத் திறந்தா நான் வண்டியத் திறந்துடுவேன்."

"இரு தம்பி. பஞ்சு லோடு வருது. சாயங்காலம் வந்துரும்."

"எந்தச் சாயங்காலம்ணி? நேத்தும் சாயங்காலம்னுதான் சொன்னீங்க. அது வந்துட்டு என்னைப் பாக்காமயே போயிருச்சு போல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கண்ணி. என் பொண்ணு போன்ல, நீ எந்த அப்பான்னு கேக்குது."

சிரிப்பு நின்றது. பஞ்சு லோடு என்று ஒன்றுமே இல்லை. பஞ்சு வியாபாரி இன்னும் வாடகை பேசிக்கொண்டிருந்தான். பேச்சு முடிகிறவரை ஒரு வண்டி கையில் இருக்கட்டும் என்பது முதலாளியின் கணக்கு. அந்த வண்டிக்குள் ஓர் ஆள் இருக்கிறான் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

"சரிண்ணி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்தான் நெட்டையன். டிரைவர்கள் முதலாளியைத் திட்டுவார்கள். அவளைத் திட்டியதே இல்லை. அந்த ஆபீஸ் உண்மையில் விற்கிற சரக்கு அவள் மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கைதான். அதற்கு வாடகை வாங்கியவன் வேறொருவன்.

இதெல்லாம் தலையெழுத்து என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். தலையில் யாரும் எதையும் எழுதவில்லை. அவள் கணக்கை எழுதியவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து டீ குடிக்கிற அதே கொழுந்தனும் சொந்தக்காரர்களும்தான். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பெயின்ட் கம்பெனி மேனேஜர் போன வாரம் சரக்கு விஷயமாக வந்தவர், போகும்போது குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "எங்க லோடிங் பிரிவுல வண்டி ஏற்பாடு பண்ண ஆள் வேணும்மா. நீங்க வர்றீங்களா? மாசச் சம்பளம், ஞாயித்துக்கிழமை லீவு." ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதை அவள் நாலைந்து இரவு மனத்துக்குள் வைத்துப் புரட்டினாள். பிறகு சரி என்று சொல்லியனுப்பினாள்.

நெட்டையன் போனை வைத்த சற்று நேரத்தில் அந்த மேனேஜரே கூப்பிட்டார்.

"முதலாளிட்ட குடுங்கம்மா."

"என்ன விஷயம் சார்?"

"அது... உங்க விஷயம்தான். ஒரு ஆபீஸ் ஆளை நாங்க எடுக்கணும்னா அவங்க ஃப்ரீ சொல்லணும் இல்லியா? நாளைக்கு எங்களுக்கு வண்டி குடுக்க மாட்டேன்னுட்டா என்ன பண்றது?"

"ஃப்ரீதான் சார். சொல்லிட்டேன்."

"விளையாடாதீங்க. உங்களுக்கு நீங்களே எப்படிம்மா ஃப்ரீ சொல்லிக்க முடியும்?"

"இத்தனை வருஷமா வண்டிகளுக்கு ஃப்ரீ சொன்னது யாரு சார்? என் குரலக் கேட்டு வண்டி வண்டியா சரக்கு ஏத்துனீங்களே, ஒரு நாளாவது முதலாளிட்ட கேட்டீங்களா?"

எதிர்முனையில் ஒரு தொண்டைக் கனைப்பு. "அது வண்டிம்மா. இது வேற."

வண்டி என்றால் அவள் சொல் செல்லும். அவள் என்றால் செல்லாது. படித்தவர், நாலும் தெரிந்தவர், மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர் சொன்ன நியாயம் இது.

சாயங்காலம் முதலாளி வந்தான். மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுவிட்டார் என்பது அவன் வாங்கிவந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்ததுமே தெரிந்தது. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன் அண்ணி, இங்க உங்களுக்கு என்ன குறை? மின்விசிறி சத்தம் போடுதா? நாளைக்கே மாத்திடறேன்."

"குறைன்னு இல்ல தம்பி. வேலைக்குப் போகணும்."

"இங்க செய்றது வேலை இல்லியா?"

"வேலைன்னா சம்பளம் குடுங்க."

சிரித்தான். "அண்ணன் இருந்தா இப்படிக் கேப்பீங்களா? வெளிய நாலு பேரு என்ன பேசுவான்? அண்ணிக்குச் சோறு போட வக்கில்லாம வேலைக்கு அனுப்பிட்டான்னு என்னையில்ல காறித் துப்புவான்? நான் மேனேஜர்ட்ட சொல்லிட்டேன், அண்ணி ஃப்ரீ இல்லன்னு." மேசைமேல் பாக்கெட்டை வைத்தான். "நெட்டையன் வண்டி பிடியிலயே இருக்கட்டும். இன்னும் ரெண்டு நாள் இழுங்க. உங்க பேச்சுன்னா கேப்பான்." அப்படியே பஞ்சு வியாபாரியைப் பார்க்கப் போய்விட்டான்.

அவள் பாக்கெட்டைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். அதில் இரண்டு நகரத்து புரோக்கர்களும் இருக்கிற குரூப் ஒன்று உண்டு. வண்டி விவரத்தையெல்லாம் குரலாகவே அனுப்புவார்கள். எழுத்தில் வந்தால் யாரும் நம்பமாட்டார்கள். குரல்தான் கையெழுத்து. அவள் பட்டனை அழுத்திப் பிடித்தாள். தினமும் பேசுகிற அதே குரல், அதே வேகம்.

"வணக்கம், அண்ணி பேசறேன். நெட்டையன் வண்டி ஃப்ரீ. அப்புறம், அண்ணியும் ஃப்ரீ. பெயின்ட் கம்பெனிக்குப் போறேன். கேட்டவங்க குறிச்சுக்குங்க."

விரலை எடுத்தாள். போய்விட்டது.

முதலில் அடுத்த நகரத்துக் கிழட்டு புரோக்கர் ஒருவர், இருமலுக்கு நடுவே, வழக்கமான பதிலைச் சொன்னார்: "ரெண்டும் குறிச்சாச்சு." அப்புறம் ஒவ்வொருவராக. ஒருவன் மட்டும், "அண்ணி எத்தனை டன்?" என்று கேட்டான். "உன் ஆபீஸ் மொத்தத்தையும் இழுத்துட்டுப் போற அளவு" என்று வேறொருவன் அவன் வாயை அடைத்தான்.

முதலாளி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"என்ன அண்ணி பண்ணி வச்சிருக்கீங்க? திரும்ப வாங்குங்க. வாய் தவறிடுச்சுன்னு சொல்லுங்க."

"திரும்ப வாங்குனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி? வாங்கறேன். அப்புறம் பக்கத்துலயே நீங்களும் ஒரு ஜெராக்ஸ் கடை பாத்துக்குங்க."

அவன் கண் நடுக் கதவுக்குப் போனது. "சரி. போங்க. அந்த ரூம் ஆபீஸ் ஆளுக்கான ரூமு. தெரியுமில்ல?"

தெரியும். சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. அவள் போனை மேசைமேல் வைத்தாள். வைத்த கை வெறுமையாக இருந்தது. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃப்ரீ ஆன வண்டிக்கெல்லாம் லோடு கிடைத்தே தீரும் என்று எந்த வழக்கமும் இல்லை. மேனேஜர் கூப்பிட நினைத்தாலும் கூப்பிட அவளுக்கு நம்பர் இல்லை. ஆகவே மறுநாள் காலையில், அறையைக் காலி செய்து துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, பெயின்ட் கம்பெனிக்கு அவளே நடந்து போனாள். வாசலில் வரிசையாக லாரிகள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்.

"வண்டி நம்பர்?"

"வண்டி இல்ல. நான்தான் வந்திருக்கேன்."

"யாரு வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. மேனேஜர்ட்ட அண்ணி வந்திருக்கேன்னு சொல்லுங்க."

"அண்ணின்னா? பேரு சொல்லும்மா."

சொன்னாள். சொல்லிப் பழக்கமில்லாததால் மெதுவாகத்தான் வந்தது. அவன் அதை இன்டர்காமில் ஒருமுறை சொன்னான். உள்ளே யாருக்கும் புரியவில்லை போலிருக்கிறது, மறுபடி சொன்னான். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம், "வெயிட் பண்ணச் சொல்றாங்க" என்றான்.

"எவ்வளவு நேரம்?"

"அதெல்லாம் சொல்லல."

லாரிகள் நிற்கிற வரிசையின் ஓரமாக ஒரு சிமென்ட் திட்டு இருந்தது. டிரைவர்கள் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.