என் தவறும் மரகதத்தின் பென்டிரைவும்

புதன்கிழமை காலை கைப்பேசியில் மரகதத்தின் பெயர் வந்தது. எடுத்த எடுப்பில் நானே பேசத் தொடங்கினேன். பிரிண்டர் இப்போது வேலை செய்கிறது என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே போனேன். மறுமுனையில் அவர் கணவர். நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க எந்த சாருன்னு தெரியலீங்க. இதுல இருக்கற பேருக்கெல்லாம் வரிசையாக் கூப்பிட்டுச் சொல்லிட்டிருக்கேன். மரகதம் போயிருச்சுங்க. கடையத் தொறந்துட்டு சேர்ல உக்காந்தவ, அப்படியே சாஞ்சுட்டா."

நாற்பத்தாறு வயது. முந்தின நாள் மாலைதான் என்னிடம் பேசினார். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "மரகதம் சொல்வார்" என்று எழுதி, அடித்து, "சொன்னார்" என்று திருத்திக்கொண்டிருக்கிறேன்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளின் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் அவருடைய கம்ப்யூட்டர் கடையில் ஞாயிறுதோறும் கூடிய நண்பர்களான உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்களிடம் நான் மறைத்த ஒன்று இருக்கிறது.

சென்ற ஆண்டு என் கணினியில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் நிறுவ ஆசைப்பட்டேன். வேதியியல் ஆசிரியனாக இருந்த பழக்கத்தில் முப்பத்தெட்டுப் படிகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். லினக்ஸை ஏற்றுவதற்கான பென்டிரைவ் மரகதம் தயார் செய்து கொடுத்தது. எல்லாம் முடிந்து கணினியைப் போட்டால் லினக்ஸ் வந்தது, விண்டோஸைக் காணோம். கொல்லிமலைச் செடிகளைப் பற்றி ஒன்பது ஆண்டுகளாக நான் தட்டச்சு செய்த குறிப்புகள் அதில்தான் இருந்தன. நகலும் எடுத்திருந்தேன்; அதே கணினியில், வேறொரு ஃபோல்டரில்.

ஞாயிறன்று கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். நீங்கள் ஆறு பேரும் சுற்றி நின்றீர்கள். மரகதம் எல்லோரிடமும் கேட்பதையே என்னிடமும் கேட்டார்: "எதைத் தொட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க சார். ஏன் தொட்டீங்கன்னு கேக்கமாட்டேன்." நான் நோட்டை நீட்டினேன். இதில் இருப்பதைத் தவிர எதையும் தொடவில்லை என்றேன்.

அது பொய். தொடங்குவதற்கு முன்னால், என் பழைய கணினிக்கு எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து, கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில், பூட் மோடை, அதாவது கணினி தொடங்கும் முறையை, பழைய முறைக்கு மாற்றியிருந்தேன். விண்டோஸ் புதிய முறையில் இருந்தது, லினக்ஸ் பழைய முறையில் ஏறியது. ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாமல் போயிற்று. அதுதான் காரணமோ என்ற சந்தேகம் நோட்டை நீட்டும்போதே எனக்கு இருந்தது. ஆறு பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

என் பேச்சை நம்பி மூன்று மணி நேரம் டிஸ்க்கைச் சோதித்தார். சாப்பிடக்கூடப் போகவில்லை. உங்களில் ஒருவர், "சாரோட செடியெல்லாம் காஞ்சு போச்சாட்ட இருக்குதுங்க" என்று கேலி செய்தீர்கள். மரகதம் தலை நிமிராமல், "செடி அங்கியேதான் இருக்குதுங்க. போற வழிதான் தெரியலே" என்றார். கடைசியாகத்தான் பயாஸைத் திறந்தார். நாலைந்து கீயைத் தட்டினார். விண்டோஸ் வந்துவிட்டது. பிறகு லினக்ஸையும் புதிய முறைக்குக் கொண்டுவந்தார்.

என்ன கோளாறு என்று கேட்டீர்கள். "எம்பட பென்டிரைவ்தானுங்க. நான் சரியாப் போடலே" என்றார். அதன்பின் பல வாரங்கள் அந்தப் பென்டிரைவைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்தோம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பென்டிரைவில் எந்தக் குறையும் இல்லை. தவறு என்னுடையது. தனியாகப் பார்க்கும்போது சொல்லிவிடலாம் என்று ஓர் ஆண்டு தள்ளிப்போட்டேன். செவ்வாய் மாலை போனில்கூட வாய் வரை வந்தது. பிரிண்டரைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். பயாஸ் திரை திறந்து, நான் மாற்றி வைத்திருந்த அந்த வரி கண்ணில் பட்டபோது, பக்கத்திலேயே நின்ற என்னை மரகதம் திரும்பிப் பார்க்கவில்லை.