பொது டிரைவில் போட்டுவைத்த குரல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவருக்குத் தெருவில் ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. அவருக்குப் போய்த் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். முன்கூட்டியே பேசிப் பதிந்துகொண்டால், பிறகு டேப்லெட்டைத் தொட்டதும் சொந்தக் குரலிலேயே பேசலாம் என்றும் சொன்னார்.

மனைவி எதிரே போனைப் பிடித்துக்கொள்ள, மனிதர் பேசித் தள்ளினார். பசிக்குது. முதுகைக் கொஞ்சம் சொறிஞ்சு விடு. கிளட்ச்ச மெதுவா விடுப்பா, அது உன் எதிரி இல்ல. சிரிப்பு, தும்மல்கூட விடவில்லை. போன் நிறைந்துபோனது. வீட்டுக் கம்ப்யூட்டரோ எப்போது படுத்துக்கொள்ளுமென்று தெரியாது. அவள் எல்லாவற்றையும் தான் வேலை பார்க்கும் டைல்ஸ் கம்பெனியின் பொது டிரைவில், தன் பெயர் போட்ட ஃபோல்டரில் ஏற்றிவிட்டுப் போனைக் காலி செய்தாள். அதை அவளைத் தவிர யாரும் திறக்க முடியாது. அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லீவு முடிந்து அவள் ஆபீஸ் போய்ப் பார்த்தால், ஃபோல்டர் காலி.

ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் முகம் வெளிறிப்போனான். "சர்வர் மாத்தினப்ப பெர்மிஷன் எல்லாம் குழம்பிடுச்சுக்கா. யார் வேணா எதையும் அழிக்கலாம்னு ஆயிருக்கு. நான் கவனிக்கல."

அழித்தது குடோன் கணக்குப் பார்க்கும் பெண். "டிரைவ்ல இடமில்லன்னு காட்டுச்சு. யாரோ பாட்டு ஏத்தி வச்சிருக்காங்கன்னு நினைச்சுட்டேன்கா" என்று அழுதாள்.

"பேக்கப் இருக்குமே தம்பி?"

"ஆடியோ, வீடியோவெல்லாம் பேக்கப்ல சேராதுக்கா. ஆபீஸ் ஃபைல் மட்டுந்தான்."

அவனும் ஏதேதோ சாஃப்ட்வேர் போட்டுத் துழாவினான். மீண்டுவந்த ஒன்றிரண்டிலும் வெறும் இரைச்சல்.

வீட்டில் அவர் டேப்லெட்டை சார்ஜ் போட்டு மடியில் வைத்துக் காத்திருந்தார்.

"என்னங்க... எல்லாம் போயிடுச்சுங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆபரேஷனில் கழுத்தில் போட்ட துளையிலிருந்து காற்றுதான் சீறியது. பிறகு டேப்லெட்டில் எதையோ தட்டினார்.

"பரவாயில்லை. நீ சாப்பிட்டாயா?" என்றது அதில் ஏற்கெனவே இருந்த யாரோ ஒருவனின் குரல், செய்தி வாசிப்பதுபோல.

"அத நிறுத்துங்க!" என்று அவள் கத்திவிட்டாள்.

மறுபடி அவர் அதைத் தொடவில்லை. சாப்பிடும்போது அவள் மட்டும் ஆபீஸ் கதை, அக்கம்பக்கத்துக் கதை என்று பேசிப் பார்த்தாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். போகப் போக அவளுக்கும் பேச ஒன்றுமில்லாமல் போனது.