அட்டை கிழிக்காத மழைக்கோட்டு

ஒரு மழைக்கோட்டு வாங்க ஒரு மனிதனுக்கு எத்தனை நாள் வேண்டும்? என் கணவருக்கு நான்கு மாதம் பிடித்தது. ஜூனில் ஆரம்பித்தார், செப்டம்பர் முடியும்போது வாங்கினார். அந்த நான்கு மாதமும் கலிபோர்னியாவில் இருக்கும் எங்கள் டப்ளினில் பொட்டு மழை பெய்யவில்லை.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மான் வேட்டைக்குப் போகிறவள். "நீங்களா?" என்று கேட்டுவிட்டு என் புடவையை மேலும் கீழும் பார்க்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி ஒருத்தியோடு விளையாட்டாகத் துப்பாக்கி வகுப்பில் சேர்ந்தேன். அவள் ஒரே வருடத்தில் விட்டுவிட்டு யோகாவுக்குப் போய்விட்டாள். நான் விடவில்லை. என் கணவர் துப்பாக்கியைத் தொடமாட்டார். கறியைத் தொடுவார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தொடுவார்.

சியரா மலைக்குக் கிழக்குப் பக்கம் நல்ல மான் இருக்கிற இடத்துக்கு நினைத்தவுடன் போய்விட முடியாது. குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழவேண்டும். விழாவிட்டால் ஒரு பாயின்ட் ஏறும், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். க்ரீன் கார்டுக்குக் காத்திருந்த ஜென்மங்கள் நாங்கள், காத்திருக்க எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். ஒன்பது வருடம் விண்ணப்பித்தேன். பத்தாவது வருடம் விழுந்தது. ஒரு சீட்டு, ஒரு ஆண் மான். அடித்தாலும் அடிக்காவிட்டாலும் பாயின்ட் எல்லாம் பூஜ்யமாகிவிடும், மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்கவேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. முட்டி வேறு இப்போதே பேச ஆரம்பித்துவிட்டது. அந்த மலையில் ஏற இதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தனியாகப் போகவேண்டாம் என்று கணவர் கூட வருவதாகச் சொன்னார். நல்ல மனசு, இல்லையென்று சொல்லவில்லை. வருகிறேன் என்று சொன்ன மறுநாளே ஒரு எக்செல் ஷீட் திறந்தார் பாருங்கள், அங்கே பிடித்தது சனி. முப்பத்தெட்டு மழைக்கோட்டு, ஒவ்வொன்றுக்கும் எடை, விலை, எத்தனை அடுக்குத் துணி, எவ்வளவு தண்ணீர் தாங்கும், வியர்வை எவ்வளவு வெளியே போகும். கடைசி நெடுவரிசையில் 'மன நிறைவு' என்று ஒன்று. கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்தபோது இதில் பாதி யோசித்திருந்தால் இரண்டு பேரும் தப்பித்திருப்போம்.

போதாக்குறைக்கு, பக்கத்தில் குபெர்டினோ ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர். இவருடன் காலேஜில் படித்தவர், மலை ஏறுவதில் பெரிய புள்ளி என்று பெயர். கார் நிறுத்துமிடத்திலிருந்து அரை மைல் நடந்து, ஒரு ஏரிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, நாலு வாட்ஸப் குரூப்பில் போடுகிறதற்குப் பெயர் மலை ஏறுவது. பனிமலை உச்சிக்குப் போகிறவன் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு இட்லி மாவு வாங்கப் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துக்கொண்டே, இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தார்.

"மச்சி, டூ அண்ட் ஹாஃப் லேயர்லாம் வேஸ்ட்டுடா. த்ரீ லேயர்தான் போகணும். சீப்பா வாங்குனா மலையில உயிர் போயிடும்."

"அண்ணா, நீங்க கடைசியா எப்ப மழையில நனைஞ்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சென்னையில," என்றார். "எய்ட்டி ஃபைவ் இருக்கும்."

சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போய்விட்டேன்.

என்னிடம் இருப்பது ரொம்ப மலிவான மழை உடுப்பு. காகிதம் மாதிரி இருக்கும், சுருட்டினால் ஒரு தேங்காய் அளவு, கையில் கனமே தெரியாது. முள்ளில் மாட்டினால் கிழியும். கிழிந்தால் அகல டேப் ஒட்டிக்கொள்வேன். நடந்தால் சிப்ஸ் பாக்கெட் மாதிரி சத்தம் போடும், மானுக்கு அது நாம் வருகிறோம் என்று தண்டோரா போடுகிற மாதிரி. அதனால் அதன்மேல் தொளதொளவென்று ஒரு பழைய கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வேன், சத்தம் அடங்கிவிடும். மலையில் ஏறும்போது கோட்டைக் கழற்றிவிட்டு மெதுவாக ஏறவேண்டும், இல்லாவிட்டால் மழைக்கு முன்னால் வியர்வையே நனைத்துவிடும். உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்ள வேண்டும். மழைக்கு பேன்ட்டும் வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அவ்வளவுதான் சங்கதி. இதை ஐந்து நிமிடத்தில் அவருக்குச் சொன்னேன். "உன்னோடது டேட்டா இல்ல, அனெக்டோட், வெறும் சொந்தக் கதை," என்றார்.

கடைசியில் கடைக்குப் போனோம். ஷீட்டில் முதலிடம் வந்ததை எடுத்தார், குபெர்டினோ நண்பர் சொன்ன அதே மூன்றடுக்குக் கோட்டு. விலையை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். மலிவாக, லேசாக ஒன்று தேடுகிறேன் என்று நான்கு மாதம் உட்கார்ந்தவர் எடுத்த லட்சணம் அது. கத்தியிருப்பேன். ஆனால் இந்த ஊரில் இருபத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாதா வழி? இந்தியாவிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் காற்றடிக்கிற மெத்தை வாங்குவோம், அவர்கள் விமானம் ஏறியதும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடுவோம். மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு கேமரா, டெக்சஸ் பக்கம் கேட்டியில் மச்சினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எனக்கு ஒரு ஹேண்ட்பேக், எல்லாம் போன வழியே திரும்பியவை. இதில் எங்கள் கூட்டத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொள்வேன்கூட. அதனால் கடையிலேயே அவரிடம் சொன்னேன்.

"வாங்குங்க. ஆனா விலை அட்டையைக் கிழிக்காதீங்க, உள்ள மடிச்சு விட்டுக்கோங்க. அழுக்காக்காதீங்க. திரும்பி வந்ததும் ரிட்டர்ன் பண்ணிடலாம்."

"சரி," என்றார். நான் அதோடு அதை மறந்துவிட்டேன்.

அக்டோபரில் எங்கள் பழைய மினிவேனில் மலையைத் தாண்டிப் போனோம். முதல் இரண்டு நாள் வெயில், பெண் மான்களாகப் பார்த்தோம். மூன்றாம் நாள் காலையில் வானம் இருண்டு கிடந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே பைன் மரங்கள் அடர்ந்த ஒரு தாழ்வான இடத்தில் அவரை மூட்டை முடிச்சுகளோடு உட்காரவைத்தேன். நான் அங்கிருந்து ஏறி மேட்டு விளிம்பில் போய்ப் படுத்துக்கொண்டேன். இருவரிடமும் வாக்கிடாக்கி, எனக்குக் காதில் ஒயர்.

எட்டரை மணிக்கு மழை பிடித்தது. மழை என்றால் சும்மா இல்லை, பாதி மழை பாதி பனி, பக்கவாட்டில் அடிக்கிறது. என் காகித உடுப்பும் ஸ்வெட்டரும் சமாளித்தன. ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். கோட்டு பத்திரமா இருக்கு."

மனிதன் எப்படி இருக்கிறான் என்று கேட்டால் கோட்டு எப்படி இருக்கிறது என்று சொல்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. ஒயரைக் காதிலேயே விட்டுவிட்டு எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மேல் அது வந்தது. புதருக்குள்ளிருந்து முதலில் கொம்பு, பிறகு கழுத்து. இருபக்கமும் நாலு கிளை. ஒன்பது வருடமாக நான் கண்ணை மூடினால் பார்த்தது இதைத்தான். மெதுவாகத் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, விரலை விசையில் வைத்தேன். இன்னும் பத்தடி நடந்து பக்கவாட்டில் திரும்பினால் போதும். கணவர் அந்த நேரம் பார்த்து எழுந்து கிழுந்து வைக்கப்போகிறாரே என்று வாக்கிடாக்கியில் கிசுகிசுத்தேன்.

"அசையாதீங்க. மான் வந்திருக்கு. சரியா?"

காதில் ஒயர் கரகரத்தது.

"மீட்டிங் முடிஞ்சிடுச்சா?" என்றார். நாக்கு குழறியது.

"என்னங்க?"

"நான் மியூட்ல... இருக்கேன்..."

வேட்டை வகுப்பில் இதைப் படித்திருக்கிறேன். உடம்பு குளிர்ந்து போனால் முதலில் நடுங்கும். பிறகு பேச்சு குழறும், எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. அதற்குப் பிறகு நேரமில்லை. மான் பக்கவாட்டில் திரும்பி நின்றது. விரலை எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எடுப்பதற்கு முன்னால் ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணம் இன்னும் என்னை உறுத்துகிறது. பிறகு துப்பாக்கியிலிருந்து குண்டை வெளியே எடுத்துவிட்டு, சத்தம் போட்டுக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினேன். மான் எந்தப் பக்கம் போனது என்று பார்க்கவில்லை.

பைன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மேலே ஒரு கறுப்புக் குப்பைப் பை, தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை. அதற்குள்ளே பருத்தி ஸ்வெட்ஷர்ட், பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். உதடு நாவல்பழ நிறம். நடுக்கம்கூட நின்றுபோயிருந்தது.

"கோட்டு எங்க? அந்தக் கோட்டு எங்கங்க?" என்று கரடியாய்க் கத்தினேன்.

மூட்டையைக் காட்டினார். அடியில், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள், கடையில் மடித்துத் தந்த மடிப்புக் கலையாமல் அந்த மூன்றடுக்குக் கோட்டு இருந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? நாலு மாசம் எதுக்கு ஆராய்ச்சி பண்ணீங்க? பூஜை ரூம்ல வைக்கவா?"

ஈர ஷர்ட்டை உரித்தேன். என் காகித உடுப்புக்குள்ளே நனையாமல் இருந்த இன்னொரு ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்கு மாட்டினேன், அதன்மேல் கோட்டைப் போட்டு ஜிப்பை இழுத்தேன். காலருக்குள்ளிருந்து அட்டை வெளியே வந்து அவர் தாடைக்குக் கீழே ஆடியது. விறைத்த விரலால் அதை உள்ளே மடித்துவிடப் பார்த்தார்.

"விடுங்க அதை!"

"நனைஞ்சிடும்மா... நீதான சொன்ன..." என்றார். "கிழிக்காதீங்க, அழுக்காக்காதீங்கன்னு நீதான சொன்ன."

இருபத்தைந்து வருடமாக இந்த மனிதன் நான் சொன்ன எதையும் கேட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தேன். மானுக்காக வாரக்கணக்கில் தீட்டிய கத்தி. அட்டையைப் பிடித்திருந்த நூலை அறுத்தேன்.

எப்படியோ வேனுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். ஹீட்டரை முழுசாகப் போட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை வாய் வாயாகக் கொடுத்தேன். பக்கத்து ஊர் மருத்துவமனையில் மாலைவரை வைத்துப் பார்த்து, ஒன்றும் பயமில்லை என்று அனுப்பினார்கள். டாக்டர் எனக்குச் செய்த உபதேசத்தை இங்கே எழுதப்போவதில்லை. மகளுக்குப் போன் செய்தபோது, "யூ கைஸ் ஆர் இன்சேன், அம்மா," என்று அழுதாள். அவள் சொன்னது சரிதான்.

மறுநாள் திரும்பி வரும் வழியில் குபெர்டினோ நண்பர் ஸ்பீக்கரில் வந்தார்.

"மச்சி, கோட்டு எப்படிடா? மழையாமே அங்க?"

என் கணவர் பக்கத்து சீட்டில் அதே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் க்ளாஸ்டா. உள்ள ஒரு சொட்டு தண்ணி போகல."

"பாத்தியா, நான் சொல்லல? மான் என்னாச்சு?"

"மான் வரலடா," என்றார். "பாவம், அவளும் என்ன பண்ணுவா."

மான் வந்து நின்ற கதையை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை, ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். கண் மறைத்தது. வீட்டுக்கு வந்து, அனுமதிச் சீட்டுக்காக வேட்டைத் துறைக்குக் காட்டவேண்டிய கணக்கை இணையத்தில் முடித்து அனுப்பினேன். மான் அடித்தீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று அழுத்தினேன். பிறகு கத்தியைத் துடைத்து உறையில் போட்டேன். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.